ஆஸ்பத்திரிக் கன்னடம்

காந்தாவுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது யூனிவர்சிட்டி என்று அவள் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் காகிதம் சொல்லும். அதை நம்ப வேண்டாம். பட்டத்தைக் கொடுத்தது ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டியிருந்த லைன் வீடுகளின் குழாயடி. அதுவும் அவள் இன்டர் படித்துக்கொண்டிருந்தபோதே கொடுத்துவிட்டது. யூனிவர்சிட்டி கொஞ்சம் நிதானமான ஆள். பிறகு வந்து ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்த லைனில் இருந்தவர்கள் எல்லோரும் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் எந்தக் காலத்திலோ வந்து சேர்ந்தவர்களின் வாரிசுகள். ஆண்கள் மில்லுக்கும் ரயில்வே ஷெட்டுக்கும் போனார்கள். பெண்கள் பங்களாக்களில் ஆயா வேலை பார்த்தார்கள், அல்லது மார்க்கெட்டில் கீரையும் பூவும் விற்றார்கள். காந்தாவின் அப்பா கோவிந்தனுக்கு மில்லில் ஷிப்டு வேலை. அம்மா வள்ளியம்மா ஒரு பங்களாவில் துணி துவைத்து இஸ்திரி போட்டாள். எஸ்.எஸ்.எல்.சி.யைத் தாண்டிய முதல் பிள்ளை அந்த லைனிலேயே காந்தாதான். ஐம்பத்து நாலாம் வருஷம் இன்டர்மீடியட் சயன்ஸ் குரூப்பில் சேர்ந்து அவள் காலேஜுக்குக் கிளம்பிய அன்று, குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன. குடத்தை வைத்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் பிள்ளை என்றால் பொதுச் சொத்து. இது அங்கே யாரும் எழுதி வைக்காத சட்டம். தந்தி வந்தால் காந்தா. ரேஷன் கடையில் தகராறு என்றால் காந்தா. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய உத்தியோகம் ஆஸ்பத்திரி உத்தியோகம்தான்.

வெள்ளைக்காரன் கையிலிருந்த கண்டோன்மெண்ட் மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹாசன், ஷிமோகா பக்கத்திலிருந்து இளம் டாக்டர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நல்ல மனிதர்கள். கன்னடமும் இங்கிலீஷும் பேசினார்கள். லைன் பெண்களுக்குத் தெரிந்ததோ தமிழும், பேரம் பேசுவதற்கு வேண்டிய நாலு உருது வார்த்தையும். குழாயடியில் ஊரையே இரண்டாக்கும் வாய்கள், டாக்டர் முன்னால் போய் நின்றதும் ஒட்டிக்கொண்டுவிடும். வயிற்றைத் தொட்டுக் காட்டினால் ஒரு மருந்து, தலையைத் தொட்டுக் காட்டினால் இன்னொரு மருந்து. எப்போது வலி, எப்படி வலி என்று அவர் கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். அதனால்தான், "காந்தா, கொஞ்சம் கூட வா கண்ணு" என்று ஆரம்பித்தது.

காந்தாவுக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பழி முழுக்க லைன்காரர்கள் தலையில் விழுந்துவிடும். டாக்டர் கேட்பதைத் தமிழில் இந்தப் பக்கமும், இவர்கள் சொல்வதைப் பள்ளிக்கூடத்தில் படித்த கன்னடமும் இங்கிலீஷும் கலந்து அந்தப் பக்கமும் கொண்டு சேர்ப்பதில் அவளுக்கு ஒரு குஷி. பக்கத்து வீட்டுக் கீரைக்காரி சந்திரம்மாவின் புருஷன் சின்னப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்தபோது, டாக்டர் கேட்பதற்கு முன்பே காந்தா எல்லாவற்றையும் விசாரித்துக் கோவையாகச் சொன்னாள். மாடி ஏறினால் இரைக்கிறதா, படுத்தால் இரைக்கிறதா, கால் வீங்குகிறதா. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "நீ மெடிக்கல் காலேஜில் படிக்கிறாயா?" என்று கேட்டார். அன்று வீட்டுக்குத் திரும்பும்வரை அவள் கால் தரையில் பாவவில்லை. படித்தால் டாக்டருக்குத்தான் படிப்பது என்று அன்றைக்கே தீர்மானம் ஆகிவிட்டது.

வினை வந்தது கிழமையால். லைன்காரர்கள் செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டார்கள். அன்று போனால் நோய் வீட்டோடு தங்கிவிடும் என்று நம்பிக்கை. புதனும் சனியும் மார்க்கெட்டில் கூட்டம், வியாபாரத்தை விட முடியாது. ஞாயிறு டாக்டர்களுக்கு லீவு. மிச்சம் இருந்தது திங்களும் வியாழனும். காலேஜில் பயாலஜி பிராக்டிகல் வைத்திருந்ததும் அதே திங்களும் வியாழனும்தான். பாடத்தை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், தவளை எங்கே ஓடிவிடப் போகிறது என்று காந்தா நினைத்தாள். தவளை ஓடவில்லை. பிராக்டிகல்தான் ஓடிப்போனது.

இரண்டு வருஷத்தில் அவள் லேபுக்குள் போன நாட்கள் சொற்பம். பரீட்சை அன்று தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்திப் போட்டுவிட்டுக் கத்தரியை எடுத்தால் கை நடுங்கியது. பக்கத்து மேஜைப் பெண்கள் பூத்தொடுப்பதுபோல் நரம்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காந்தாவின் தட்டில் ரத்தக்களரி. எழுத்துப் பரீட்சையில் வாங்கியதையெல்லாம் பிராக்டிகல் தின்றுவிட்டது. தேர்டு கிளாஸ்.

குழாயடிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. பாஸ் என்றால் பாஸ். சந்திரம்மா சர்க்கரை வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தாள். காந்தா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "தேர்டு கிளாஸ்ல ஏறினாலும் ரயிலு மெட்ராஸ் போய்ச் சேருதா இல்லியா? அப்புறம் இன்னா?" என்றாள்.

இந்த ரயில் போய்ச் சேரவில்லை. மெடிக்கல் காலேஜுக்கு மனுப் போட்டாள். இன்டர்வியூவுக்குக்கூட கூப்பிடவில்லை. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி படுக்கையோடு மைசூருக்குக் கிளம்பினார்கள். சந்திரம்மா தினமும் கீரைக்கூடையோடு வாசலைக் கடக்கும்போது, "எப்போ டாக்டர் காலேஜு தொறக்குறாங்க?" என்று கேட்பாள். "இன்னும் நாள் இருக்குதுக்கா" என்று காந்தா சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பாட்டம் அழுவாள்.

அழுது முடித்த ஒரு நாள் காலேஜுக்குப் போய் ஜுவாலஜி லெக்சரர் அனந்தபத்மநாபனைப் பார்த்தாள். அவர் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"பி.எஸ்ஸி. சேரு" என்றார். "நல்ல கிளாஸ்ல வந்தா மறுபடி மனுப் போடலாம். ஆனா பிராக்டிகலுக்கு வராத ஆளுக்கு அதுவும் இப்படித்தான் முடியும்."

"கை நடுங்குது சார்."

"நடுங்கும். நிறைய அறுத்தா நிக்கும். காலேஜ்ல ஆளுக்கு ஒண்ணுதான் குடுப்பாங்க. மிச்சத்த நீ கொண்டு வந்தியானா, சனிக்கிழமை மத்தியானம் லேப் தெறந்து வைக்கச் சொல்றேன்."

காந்தா பி.எஸ்ஸி. சேர்ந்தாள். அங்கேயும் ஜுவாலஜி பிராக்டிகல் திங்களும் வியாழனும். ஆண்டவனுக்கு அந்த இரண்டு கிழமை மேல் என்ன கோபமோ தெரியவில்லை. முதல் வியாழக்கிழமை காலை அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கினால், வாசலில் சந்திரம்மா நிற்கிறாள். பின்னால் ஜானகி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. ஜானகி அந்த லைனில் புதிதாகக் கல்யாணமாகி வந்தவள்.

"ஜானகிக்கு முதுகு வலி தாங்கல. வா, போய்ட்டு வந்துரலாம்."

"நான் வரலக்கா."

சந்திரம்மாவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. காந்தா இதுவரை அப்படிச் சொன்னதே இல்லை. "உடம்பு சரியில்லியா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தக் கை பட்டதும் காந்தாவுக்கு இரண்டு வருஷமாக அடக்கி வைத்தது உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். ரயில் போய்ச் சேராததை, திங்களும் வியாழனும் லேபில் என்ன நடக்கிறது என்பதை, தட்டில் நிறைந்த ரத்தத்தை. "நான் உங்களக் குத்தம் சொல்லலக்கா. நானாத்தான் வந்தேன். ஆனா இனிமே வந்தா இந்த ஜென்மத்துல எனக்கு சீட்டு கிடைக்காது."

சந்திரம்மா நெற்றியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அப்போ உன் சீட்ட நாங்கதான் தின்னுட்டோமா?" என்று கேட்டாள்.

காந்தா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டாள். லேபில் உட்கார்ந்திருக்கும்போது மனசு முழுக்க வாசலிலேயே நின்றது. சொல்லியிருக்க வேண்டாமோ, இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கரப்பான்பூச்சியின் காலை எண்ணாமல் அதையே எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் திரும்பும்போது குழாயடியில் சபை கூடியிருந்தது. தண்ணீர் நின்று வெகுநேரமாகியும் யாரும் கலையவில்லை. நடுவில் சந்திரம்மா, கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தால் பஞ்சாயத்துத் தலைவர்போல் இருந்தது.

"காந்தா, இங்க வா. இன்னிலேர்ந்து உன்ன யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூப்புட மாட்டோம். கூப்புட்டா என்கிட்ட சொல்லு, அவங்க வாயக் கிழிக்கிறேன்."

"அப்போ யாரு போவா?" என்று ஜானகி ஈனஸ்வரத்தில் கேட்டாள். முதுகுவலி இன்னும் அவளோடுதான் இருந்தது.

"நான் போறேன். மார்க்கெட்டுல என் பக்கத்துக் கடைக்காரி கன்னடத்தி. கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் வரும். ஸ்வல்ப ஸ்வல்ப. மிச்சத்த நீ சொல்லிக் குடு."

அப்படித்தான் அந்தப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. தண்ணீர் பிடிக்கும் நேரம்தான் வகுப்பு நேரம். காந்தா குடம் வைக்க வந்தால் ஒருத்தி தலையைத் தொட்டுக் கேட்பாள், இன்னொருத்தி முழங்காலைத் தொட்டுக் கேட்பாள். ஹொட்டெ என்றால் வயிறு. பென்னு என்றால் முதுகு. நோவு நம்ம நோவுதான், அதற்குப் பாடம் வேண்டாம் என்றாள் சந்திரம்மா. வலது பக்கத்துக்குப் பலகடெ, இடது பக்கத்துக்கு எடகடெ. வள்ளியம்மாகூட இஸ்திரிப் பெட்டியில் கரி ஊதிக்கொண்டே "ஜ்வர, வாந்தி, பேதி" என்று மனப்பாடம் செய்தாள். அடுத்த திங்கட்கிழமை சந்திரம்மா ஜானகியைக் கூட்டிக்கொண்டு படையெடுத்தாள்.

டாக்டர், வலி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாராம். சந்திரம்மாவுக்கு அளவு என்றாலே கீரைதான். "எரடு கட்டு, சார்" என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு கட்டு வலி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். ஆனால் முதுகைத் தட்டிப் பார்த்து, சரியான மருந்தைத்தான் கொடுத்தார். ஜானகி நிமிர்ந்து நடந்து வந்தாள். லைனில் அதற்குப் பிறகு வலியை அளப்பதே கட்டுக் கணக்கில்தான் என்று ஆகிவிட்டது. "இன்னிக்கு அரைக் கட்டுதான் வலிக்குது" என்பார்கள்.

தவளை விஷயம் தனி. சனிக்கிழமைக்குத் தவளை வேண்டும் என்று காந்தா தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னதை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சந்திரம்மா கேட்டுவிட்டாள். அந்தச் சுவருக்கு ரகசியம் காக்கத் தெரியாது.

"தவளையா? நான் கீர வாங்குற ஏரிக்கரைத் தோட்டத்துல காலு வெச்சா தவளைதான். எத்தினி பேக்கு? எத்தினி வேணும்?"

விடியற்காலையில் கீரை எடுக்கப் போகும்போது ஒரு ஈரச் சாக்கையும் கொண்டுபோனாள். தவளையைத் தொட அவளுக்கும் அருவருப்புதான். மாரியாத்தா பெயரைச் சொல்லிக்கொண்டு கண்ணை மூடிச் சாக்கைப் போட்டுப் பிடிப்பாள். கூடையில் கீழே தவளைச் சாக்கு, மேலே கீரை. சனிக்கிழமைகளில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் காலேஜ் கேட்டில் நின்று காந்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள். ஒரு வாரம் சாக்குக் கட்டு அவிழ்ந்து, ஒரு பங்களா அம்மாவின் பையில் அரைக்கீரையோடு ஒரு தவளையும் போய்விட்டது. அந்த அம்மா அதற்குப் பிறகு சந்திரம்மாவிடம் கீரை வாங்கவே இல்லை.

"உன்னால எனக்கு ஒரு கிராக்கி போச்சு" என்று காந்தாவிடம் சொன்னாள். பிறகு அவளே, "போனாப் போறா. உனக்கு ஒரு தவளை கொறஞ்சு போச்சே, அதுதான் பேஜாரு" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானங்களில் ஆளில்லாத லேபில் காந்தா தவளைகளோடு தனியாக உட்கார்ந்தாள். முதலில் கை நடுங்கியது. அனந்தபத்மநாபன் கதவோரம் வந்து பார்த்துவிட்டுப் போவார். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை, மூளையிலிருந்து கிளம்பும் நரம்பு ஒன்று, நூல்கூட அறாமல், முழுசாக வெளியே வந்து தட்டில் கிடந்தது. அப்போதுதான் கை எப்போதோ நடுங்குவதை நிறுத்திவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று அந்த வழியாக வந்த அனந்தபத்மநாபன், "தவளை எங்கேர்ந்து வருது?" என்று மட்டும் கேட்டார். "பக்கத்து வீட்டு அக்கா கொண்டு வராங்க சார்." "அவங்களுக்கு என் நமஸ்காரத்தச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். சந்திரம்மாவுக்கு அந்த நமஸ்காரம் ஒரு மாசம் தாங்கியது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பி.எஸ்ஸி. பரீட்சை வந்தது. எழுத்துப் பரீட்சைகள் நன்றாகவே போயின. ஜுவாலஜி பிராக்டிகல் கடைசி. அது வெள்ளிக்கிழமை விழுந்தது.

அன்று காலை வள்ளியம்மா வழக்கம்போல் எழுந்து காப்பி போட்டுக் கொடுத்தாள். முகம் வெளுத்திருந்தது. "இன்னாம்மா?" என்றதற்கு, "வாயு. நீ கெளம்பு" என்றாள். குழாயடியில் எல்லோரும் விலகி வழி விட்டார்கள். காந்தா போனாள்.

அன்றைய தவளையை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். பரீட்சை பார்க்க வந்தவர் வெளியூர்க்காரர். தட்டுக்கு மேல் குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். காந்தா வெளியே வந்தபோது, யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. வழியெல்லாம் சந்திரம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

லைனில் சந்திரம்மா இல்லை. அம்மாவும் இல்லை. பூட்டின கதவுக்கு முன்னால் ஜானகி உட்கார்ந்திருந்தாள். காந்தாவைக் கண்டதும் எழுந்து, "பரீச்ச முடிஞ்சுதா? நெஜமா முடிஞ்சுதா?" என்று இரண்டு தரம் கேட்டாள். முடிந்தது என்று சொன்ன பிறகுதான், "அம்மா பெரியாஸ்பத்திரில இருக்குது. பயப்படாதே, ஆபரேசன் ஆயிடுச்சு" என்றாள்.

காந்தா தெரு முனை திரும்பியதுமே வள்ளியம்மா சுருண்டு விழுந்திருக்கிறாள். வலி முந்தின நாளே ஆரம்பித்துவிட்டது. பெண்ணுக்குத் தெரியக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கோவிந்தனுக்கு அன்று காலை ஷிப்டு. ஓடிப்போய் மார்க்கெட்டிலிருந்து சந்திரம்மாவைக் கூட்டி வந்தார்கள். வெள்ளிக்கிழமையாயிற்றே, நாளைக்குப் போகலாமே என்று ஒருத்தி இழுத்தாள். காந்தாவைக் கூப்பிட்டு அனுப்பலாம் என்றாள் இன்னொருத்தி.

"வெள்ளிக்கிழமையாவது ஒண்ணாவது. ஜல்தி ஜட்காவக் கூப்புடு" என்றிருக்கிறாள் சந்திரம்மா. "காந்தாகிட்ட மூச்சு விட்டீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

ஆஸ்பத்திரியில் அவள் டாக்டர் முன்னால் நின்று, தெரிந்த கன்னடம் அத்தனையையும் கொட்டியிருக்கிறாள். ஹொட்டெ நோவு. முதலில் தொப்புளைச் சுற்றி, இப்போது பலகடெ கெளகே, வலது பக்கம் கீழே. நேற்றிலிருந்து. ஜ்வர இருக்கிறது, இரண்டு தரம் வாந்தி. எத்தனை கட்டு என்று இந்தத் தடவை சொல்லவில்லை. டாக்டர் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பினார். குடல்வால் அழுகி உடையும் நிலையில் இருந்ததாம். நாளைக்கு என்று விட்டிருந்தால் வள்ளியம்மா இல்லை.

காந்தா வார்டுக்குள் ஓடியபோது அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். கட்டில் காலடியில் தரையில் சந்திரம்மா, புடவையெல்லாம் கசங்கி, தலை கலைந்து உட்கார்ந்திருந்தாள். காந்தாவுக்கு முதலில் வந்தது கோபம்.

"எனக்கு ஏன்க்கா சொல்லி அனுப்பல? அது எங்கம்மா இல்லியா?"

"சொன்னா நீ வந்திருப்பே" என்றாள் சந்திரம்மா.

காந்தா சந்திரம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். கையில் தவளை வாடை இன்னும் போகவில்லை. சந்திரம்மா அந்தக் கையை முகர்ந்து பார்த்து, "நம்ம தோட்டத்துத் தவளை வாடையேதான்" என்றாள். மேலேயிருந்து ஒரு பலவீனமான குரல் கேட்டது. வள்ளியம்மா கண்ணைத் திறக்காமலே, "தவளைய ஒழுங்கா அறுத்தியாடி?" என்றாள்.

"அறுத்தேம்மா."

"அப்போ சரி" என்று மறுபடி தூங்கிவிட்டாள்.

ரிசல்ட் வந்தது. பர்ஸ்ட் கிளாஸ். ஜுவாலஜியில் காலேஜிலேயே முதல். இந்தத் தடவை மெடிக்கல் காலேஜிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜைக்குப் பின்னால் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மார்க்குகளைப் புரட்டிவிட்டு, அவள் பயந்துகொண்டிருந்த கேள்வியையே கேட்டார். பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு வாங்கிய பெண் இன்டரில் ஏன் இப்படி?

காந்தா பொய் எதையும் தயார் செய்துகொண்டு போகவில்லை. பிராக்டிகல் நாட்களில் அக்கம்பக்கத்தாருக்குப் பேச்சுத்துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன் என்றாள்.

"இப்போது அவர்களுக்கு யார் துணை?"

"சந்திரம்மா என்று ஒரு அம்மா. கன்னடம் கற்றுக்கொண்டு அவரே போகிறார்."

மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் தலையைத் தூக்கினார். "கீரை விற்கிற அம்மாவா? வலியைக் கட்டுக் கணக்கில் சொல்வாரே?"

"ஆமாம் சார்."

அவர் சிரித்தார். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார், அவரும் சிரித்தார். சீட்டு கிடைத்தது மார்க்குக்காகத்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த அறைக்குள் தான் தனியாக நிற்கவில்லை என்று காந்தாவுக்கு அன்று தோன்றியது. குழாயடியே பின்னால் வந்து நின்றது போல் ஒரு தைரியம். வெளியே வந்து மரத்தடியில் நின்று, யாருக்கு என்று குறிப்பில்லாமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மெடிக்கல் காலேஜ் படிப்பு நீளமானது. அதன் கஷ்டங்களை இங்கே அளந்துகொண்டிருக்க வேண்டாம். லைனிலிருந்து யாரும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. லீவுக்கு வந்தால்கூட, "படிக்கிற புள்ள, விடுங்க" என்று சந்திரம்மா விரட்டினாள். அவள் புருஷன் சின்னப்பா போய்ச் சேர்ந்ததைக்கூடப் பரீட்சை முடிந்த பிறகுதான் சொன்னார்கள். அதற்குக் காந்தா சந்திரம்மாவோடு சண்டை போட்டாள், பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அறுபத்து நாலாம் வருஷம் காந்தா ஹவுஸ் சர்ஜனாக அதே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வெளிநோயாளிப் பிரிவில் அவளுக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் கொடுத்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலை. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தவள், அடுத்த ஆள் என்று நிமிர்ந்தால், எதிரில் சந்திரம்மா. அத்திபெலேயிலிருந்து உறவைத் தேடி லைனுக்கு வந்திருந்த ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காந்தா வாயைத் திறக்குமுன் சந்திரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். மற்ற டாக்டர்கள் முன்னால் நிற்பதுபோலவே நேராக நின்றாள்.

"நமஸ்கார டாக்டரே. இவரிகெ ஹொட்டெ நோவு. எடகடெ. மூரு தின ஆயித்து" என்று மூன்று விரலைக் காட்டினாள்.

பக்கத்தில் நின்ற நர்சு வாயைப் பொத்திக்கொண்டாள். காந்தா தமிழ்க்காரி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். காந்தா நர்சை ஒரு பார்வை பார்த்தாள். அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"ஊட ஆத மேலே ஜாஸ்தியா?" என்று காந்தா கன்னடத்தில் கேட்டாள்.

சந்திரம்மா அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "சாப்புட்டதுக்கு அப்புறம் ஜாஸ்தியா இருக்குதான்னு டாக்டரம்மா கேக்குறாங்க." அவள் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். இப்போது தப்பே வரவில்லை. காந்தா எழுதிக்கொண்டாள். எழுத்து கண்ணில் கலங்கித் தெரிந்தது.

அத்திபெலேக்காரி சந்திரம்மாவின் காதருகே குனிந்து, "இந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராதாக்கா?" என்று கேட்டாள்.

"ஏன் வராது? எங்க காந்தாதான் அது, எங்க லைன் புள்ள" என்றாள் சந்திரம்மா. "வேலையில இருக்குறப்போ அத நாம தொந்தரவு பண்ணக்கூடாது."

காந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கேள்வியையும் கன்னடத்திலேயே கேட்டாள்.